மின்னலை எப்ப உள்ளை விடுறது?

பலகையில் எழுதி வைக்க ஒரு திகதி தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குதிரைகளைப் பனிக்காலத்துக்காக லாயத்துக்குள் எடுக்கும் திகதி. நீங்கள் மூன்று பேரும் வேலைக்குப் புதியவர்கள், முழங்கால்கள் இன்னும் சொந்தமாக இருப்பவர்கள். நான் இரண்டையும் அந்த வேலைக்குக் கொடுத்துவிட்டு ஐம்பத்து மூன்று வயதில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். கேட்டது நியாயம்தான். வாகனத்துக்கு விண்டர் ரயர் மாற்ற ஆளாளுக்கு ஒரு திகதி வைத்திருக்கிறோம், மணிக்கூட்டைத் திருப்பி வைக்க ஒரு திகதி இருக்கிறது, குதிரைக்கு மட்டும் ஏன் இல்லை?

நானும் ஒருமுறை எழுதினேன். சிவப்பு மையால், பெரிய எழுத்தில். அந்தத் திகதி ஒரு குதிரையைக் கொல்லப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். எவ்வளவு புல், எவ்வளவு தண்ணீர், குளம்பு எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் நல்ல எண்ணத்தோடு கத்தும்போது என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு இடம் தெரியும். ரொறன்ரோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லின் கடைசிப் புதுவீடுகள் முடிந்து வானம் திடீரென்று அகலமாகிற இடம். அப்போது எட்டுக் குதிரைகள் நின்றன. எட்டும் வேறு வேறு ஆட்களுடையவை, பார்த்துக்கொள்வது நான். அதில் ஒன்று மின்னல்.

பெயருக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஒவ்வோர் அடிக்கும் நின்று, அடுத்த அடி தேவைதானா என்று யோசிப்பான். வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. காலையில் மூடுபனிக்குள் நின்றால் அவனுடைய கண்கள் மட்டும் தனியே அந்தரத்தில் நின்று புல் மெல்லும். குகன் அண்ணை என்பவர் அவனை வாங்கி விட்டிருந்தார். குகன் அண்ணைக்குக் கல்யாண வேலை: மணவறை, கதிரை, பூ, கடைசியாகக் குதிரை. மண்டபத்து வாகனத் தரிப்பிடத்திலிருந்து வாசல்வரை மாப்பிள்ளையைச் சுமந்து வருவதுதான் மின்னலின் உத்தியோகம். நூறு மீற்றர் தூரத்தை இருபது நிமிடத்தில் கடப்பான். வீடியோக்காரர்களுக்கு அவன் தெய்வம். குதிரையில் ஏறிய பிறகுதான் தனக்குக் குதிரை பயம் என்று தெரிய வரும் மாப்பிள்ளைமாருக்கும் அவன் தெய்வம்.

குகன் அண்ணைக்கும் குதிரை பயம். வாங்கி மூன்று வருடத்தில் அவர் மின்னலைத் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், வாகனத்தை விட்டு இறங்கி, கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியே ராசா?" என்று தூரத்திலிருந்து கேட்பார். மின்னல் திரும்பிப் பார்ப்பான். அண்ணை உடனே வாகனத்துக்குள் ஏறிவிடுவார்.

ஆனால் ஒக்ரோபர் நடுப்பகுதியில் இலை சிவக்கத் தொடங்கியதும் அவருடைய தொலைபேசியும் தொடங்கிவிடும். ரொறன்ரோ நகருக்குள், வெக்ஸ்போர்ட்டில் பதினோராம் மாடியில் இருந்தார். பல்கனியில் ஒரு வெப்பமானி தொங்கவிட்டிருந்தார்.

"தம்பி, இஞ்சை மைனஸ் ரெண்டு. மின்னலை உள்ளை விட்டாச்சே?"

"இல்லை அண்ணை. அவனுக்கு இன்னும் குளிரேல்லை."

"குளிரேல்லை எண்டு அவன் வந்து உனக்குச் சொன்னவனே?"

"மயிர் நல்லா அடர்த்தியா வந்திட்டுது. காத்தும் இல்லை, மழையும் இல்லை. காய்ஞ்ச குளிர் அவனுக்கு ஒண்டும் செய்யாது."

"உந்தக் கதை என்னட்டை விடாதை. நான் இந்த நாட்டிலை வந்திறங்கினது ஒரு ஜனவரி. அரைக்கைச் சேட்டு, கைநீளச் சுவெற்றர் ஒண்டு. பஸ்ஸுக்கு நாப்பது நிமிஷம் நிண்டனான். காது ரெண்டும் கழண்டு விழுந்திட்டுது எண்டு குனிஞ்சு தேடினனான், தெரியுமே? குளிரைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்காதை."

பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்கும். "வீட்டிலை ஹீற்றர் வேண்டாம், சுவெற்றரைப் போட்டுக்கொண்டு இருங்கோ எண்டு டிசம்பர் மட்டும் எங்களைப் பேக்காட்டுற மனுசன். குதிரைக்கு ஹீற்றர் விலை பாக்கிறார்!"

இது ஒரு பக்கம். மறுபக்கம் தேவி அன்ரி.

மேய்ச்சல் நிலத்தின் தெற்கு வேலியோடு புதுவீடுகளின் பின்வளவுகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதில் ஒரு வீட்டில் மகன் குடும்பத்தோடு இருந்தவர் தேவி அன்ரி. பகலில் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள், அன்ரியும் குதிரைகளும்தான் மிச்சம். முதலில் குதிரைகளுக்குக் கரற் கிழங்கு கொண்டு வந்தார். பிறகு ஆலோசனை கொண்டு வந்தார். ஒரு காலை வேலியைப் பிடித்தபடி நின்று என்னை மறித்தார்.

"தம்பி, உந்த வெள்ளையன்ரை முதுகைப் பாத்தனீரே? பனி பூத்துப்போய்க் கிடக்கு. உசிரோடை இருக்கிற சீவனிலை பனி பூக்குமே?"

நல்ல கேள்வி. பதிலும் எனக்குத் தெரிந்திருந்தது. உள்ளிருக்கும் சூடு மயிரைத் தாண்டி வெளியே ஒழுகவில்லை, அதனால்தான் முதுகில் பனி கரையாமல் கிடக்கிறது. ஒழுங்காகக் கூரை வேய்ந்த வீட்டின் மேல் ஸ்னோ கிடப்பது போல. பனி கரைந்து ஓடுகிற முதுகைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு நான் அவசரத்தில் இருந்தேன். "அவன் பழகினவன் அன்ரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். உங்களுக்கு முதலாவதாகச் சொல்வது இதைத்தான்: வேலியருகே ஒருவர் கேட்கும் கேள்விக்கு இரண்டு நிமிடம் நின்று பதில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களே ஒரு பதிலைக் கண்டுபிடிப்பார்கள்.

அன்ரி கண்டுபிடித்த பதில் ஒரு போர்வை. அந்தப் போர்வை உங்கள் வீட்டிலும் இருக்கும். சூட்கேஸ் போன்ற பிளாஸ்ரிக் பையில் வரும், ஒரு ஆளின் பாரம், தொட்டால் பூனை போல வழுக்கும். நடுவில் பாய ஆயத்தமாக ஒரு பெரிய புலி. அடுத்த நாள் மத்தியானம் அன்ரி கரற்றைக் காட்டி மின்னலை வேலியோடு கூப்பிட்டு, ஒரு கதிரையில் ஏறி நின்று, அந்தப் புலியை அவன் முதுகில் விரித்துவிட்டார்.

மின்னலுக்கு அது பிடித்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். கரற்றை மென்றபடி, புலியைச் சுமந்தபடி, தன் கூட்டத்தைப் பார்த்து மெதுவாக நடந்தான். போர்வையின் ஒரு முனை காற்றில் எழும்பி அடித்தது. மற்ற ஏழும் தலை நிமிர்த்திப் பார்த்தன. இதுவரை காலமும் தங்களோடு நின்று புல் தின்ற ஒருவன் முதுகில் புலியோடு வருவதை, அதுவும் இவ்வளவு ஆறுதலாக வருவதை, அவை எந்தக் கணக்கில் எடுத்தனவோ தெரியாது. நிலம் அதிர்ந்தது. மறுபக்க வேலி இரண்டு இடத்தில் முறிந்தது. நான் லாயத்திலிருந்து ஓடி வரும்போது ஏழு வாலும் அடிவானத்தில் பறந்துகொண்டிருந்தன. நடுவெளியில் தனியே நின்ற மின்னல், எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

ஏழையும் பிடிக்க முழுப் பின்னேரமும் போயிற்று. கடைசிக் குதிரை ஒரு வீட்டு வாசற்படியில், பிள்ளைகளின் பேய்ப் பண்டிகைக்காகக் கண்ணும் வாயும் வெட்டி வைத்திருந்த பூசணிக்காயின் முகத்தைத் தின்றுகொண்டிருந்தது. குதிரைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு தடவை தொலைபேசியில் பேசினார்கள். நான் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு "சொறி" சொன்னேன். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் சொன்னேன். தேவி அன்ரி வேலியில் நின்று அழுதார். "நான் நல்லதுக்குத்தானே தம்பி செய்தனான்." அந்த நேரம் பார்த்து குகன் அண்ணையின் அழைப்பு.

"தம்பி, மைனஸ் நாலு. உள்ளை விட்டாச்சே?"

"விடுறன் அண்ணை!" என்று கத்தினேன். "இண்டைக்கே விடுறன்!"

கவனியுங்கள். அப்போது என் கை மின்னலின் கழுத்தில்தான் இருந்தது. கழுத்து கணகணவென்று சூடாக இருந்தது. தெரியாமல் செய்த பிழை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. தெரிந்திருந்தது, ஆனால் களைத்திருந்தேன், வெட்கப்பட்டிருந்தேன், இன்னுமொரு ஆள் இன்னுமொரு தடவை கேட்பதைத் தாங்க மாட்டேன் என்ற நிலையில் இருந்தேன். பலகையில் எழுதினேன்: மின்னல், இன்று முதல் மார்ச் முடியும்வரை உள்ளே.

செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஒரு ரோசம் வேறு. எங்கள் பேஸ்மென்ற் யன்னல்களுக்குக் குளிர்காலத்தில் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, தலைமயிர் காய வைக்கும் மெஷினால் சூடு காட்டி இறுக்குவோமே, அதே மாதிரி அவனுடைய கொட்டிலின் யன்னலுக்கும், மேலே காற்றுப் போகும் இடைவெளிக்கும் ஒட்டினேன். முரசு போல இறுகி நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். குகன் அண்ணை கும்பிடும் கை மூன்று அனுப்பினார். தேவி அன்ரி அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டதாக மறுநாள் சொன்னார். நானும் கொண்டேன்.

அடுத்த கிழமை ரொறன்ரோ தன் குணத்தைக் காட்டியது. பதினாறு பாகை வெயில். ஆட்கள் சேட்டோடு நின்று இலை கூட்டினார்கள். ஏழு குதிரைகளும் நிலத்தில் உருண்டு, கால்கள் நாலையும் வானத்துக்குக் காட்டின. மின்னல் உள்ளே பிளாஸ்ரிக்கைப் பார்த்தபடி நின்றான். வெளியே எடுப்போமா என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். எடுத்தால் அன்ரி என்ன சொல்வார், அண்ணை என்ன சொல்வார், பலகையில் நானே எழுதியதை நானே அழிப்பதா? கொட்டிலுக்குள் போனால் மூத்திர நெடியில் கண் எரிந்தது, வெங்காயம் உரிக்கும் அறைக்குள் போனது போல. வாளியில் தண்ணீர் பாதியும் குறையவில்லை. குளிர்காலத்தில் எல்லோரும் தண்ணீர் குறைவாகத்தானே குடிப்பது என்று சொல்லிக்கொண்டேன். வெளியே பதினாறு பாகை.

ஒன்பதாம் நாள் காலை முதல் ஸ்னோ விழத் தொடங்கியது. கொட்டிலைத் திறந்தேன். முந்தைய நாள் போட்ட புல் போட்டபடி. மின்னல் கழுத்தை வளைத்துத் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். முன்காலால் தரையை ஒரு தரம் கிளறினான். மறுபடி வயிற்றைப் பார்த்தான். நான் மண்வெட்டியோடு நின்றேன், அள்ளுவதற்குச் சாணம் ஒன்றுமே இல்லை. லாயத்து வேலையில் சுத்தமான தரையைக் கண்டால் சந்தோசப்படாதீர்கள். அன்றைக்கு அந்தத் தரையைப் பார்த்து எனக்கு வேர்த்தது.

மிருக வைத்தியர் வந்தார். என்னைவிட இருபது வயது இளைய பெண். காதுக்கருவியை அவன் விலாவில் வைத்து நெடுநேரம் கேட்டார். கையுறை போட்டு உள்ளே பார்த்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயும் தண்ணீரும் இறக்கினார். குடல் அடைத்துக் கிடக்கிறது என்றார். பச்சைப் புல்லிலிருந்து திடீரென்று காய்ந்த புல், தண்ணீர் குறைவு, நடை இல்லை. பிறகு நிமிர்ந்து யன்னலைப் பார்த்தார்.

"இதை அடைத்தது யார்?"

"நான்தான்."

"ஏன்?"

"குளிர் என்று."

"யாருக்கு?"

இருபத்தொரு வருடம் நான் இந்த வேலை செய்தேன். அதைவிடச் சின்னக் கேள்வியும் அதைவிடப் பாரமான கேள்வியும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இன்று பின்னேரத்துக்குள் வயிறு இளகாவிட்டால், இவ்வளவு வயதான குதிரைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம் என்றார். வேறு ஊசி ஒன்றைப் பற்றி, அவனை நோகாமல் அனுப்பிவைக்கும் ஊசியைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்றார். அதுவரை மெதுவாக நடத்துங்கள், நின்று இளைப்பாற விடுங்கள், மறுபடி நடத்துங்கள்.

குகன் அண்ணைக்குச் சொன்னேன். முக்கால் மணித்தியாலத்தில் வந்து நின்றார். வாகனத்தின் கதவைச் சாத்த மறந்து படலைவரை வந்தார், அங்கே நின்றுவிட்டார். நான் கயிற்றைப் பிடித்து மின்னலை நடத்தினேன். ஸ்னோ கனத்து விழுந்தது. உலகம் முழுவதும் சத்தம் அடங்கி, எங்கள் ஆறு காலின் சறுக்கல் மட்டும் கேட்டது. இரண்டு மணித்தியாலம் போன பிறகு என் இடது முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. வேலிக்கட்டையில் சாய்ந்துகொண்டு கயிற்றை நீட்டினேன்.

"அண்ணை, பிடியுங்கோ."

"ஆர், நானோ?"

"வேறை ஆர் நிக்கினம்?"

"கடிப்பானே?"

"கடிக்கிற நிலைமையிலையே அண்ணை அவன் இருக்கிறான்?"

படலையைத் திறந்துகொண்டு வந்தார். கயிற்றின் ஆகக் கடைசி நுனியைப் பிடித்தார். முதல் சுற்றில் இருவருக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்தலாம். இரண்டாம் சுற்றில் ஒரு கார். ஐந்தாம் சுற்றில் அண்ணையின் தோளும் மின்னலின் தாடையும் பக்கத்தில் பக்கத்தில் போயின. என்ன கதைக்கிறார் என்று காது கொடுத்தேன். நாற்பது நிமிடம் பஸ்ஸுக்கு நின்ற கதை. முழுக்கதையும் சொன்னார். மின்னல் தலையைத் தொங்கப் போட்டுக் கேட்டான்.

"கக்கா இரடா ராசா. எனக்காக ஒருக்கா இரடா."

வேலியில் தேவி அன்ரி குடையோடு நின்றார். "தம்பி, ஓமத்தண்ணி அவிச்சுக் கொண்டு வரட்டே? என்ரை பேரனுக்கு உடனை கேட்டது."

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று, மறுபடி பார்க்க வந்திருந்த வைத்தியர் கேட்டார். ஒரு மருந்து சொல்கிறார், பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்றேன். எவ்வளவு எடைப் பிள்ளைக்கு என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்.

மூன்றரை மணிக்கு மின்னல் நடுவழியில் நின்றான். வாலைக் கொஞ்சம் தூக்கினான். முதலில் வந்தது காற்று. முழங்கால் கொஞ்சம் ஆறி மறுபடி பின்னால் வந்துகொண்டிருந்த நான் ஒரு பக்கம் பாய்ந்தேன். பிறகு ஒன்று, கறுப்பாக, சின்னதாக, கல் போல. பிறகு மூன்று. வெள்ளை ஸ்னோவில் ஆவி பறக்க விழுந்தன. நாங்கள் கைதட்டினோம். சத்தியமாகக் கைதட்டினோம். அன்ரி குடையை எறிந்துவிட்டுத் தட்டினார். குகன் அண்ணை குனிந்து படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்புக்கு அனுப்பினார். லண்டனிலிருந்து அவருடைய தம்பி உடனே எழுதினான்: "உது என்ன, மோதகமோ?"

வைத்தியர் இன்னுமொரு தடவை விலாவில் காது வைத்துக் கேட்டார். குடல் பேசத் தொடங்கிவிட்டது என்றார். இரவு எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். "பக்கத்தில் நிற்பவர் நீங்கள், நீங்களே பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

"உள்ளை விடுவம் தம்பி," என்றார் அண்ணை. "ஸ்னோ கொட்டுது."

நான் கொட்டிலுக்குள் போய், பிளாஸ்ரிக்கைக் கிழித்து எடுத்தேன். கதவை அகலத் திறந்து வைத்தேன். மின்னலை வெளியிலேயே விட்டேன், வேண்டுமானால் அவனாக உள்ளே வரட்டும் என்று. அண்ணை வாயைத் திறக்க முதல் அவருடைய கையைப் பிடித்து, முதுகில் கிடந்த ஸ்னோவை விலக்கி, பிடரி மயிருக்குக் கீழே உள்ளே வைத்தேன். முதலில் கையை இழுக்கப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். நெடுநேரம் எடுக்கவேயில்லை.

"இவனுக்குள்ளை ஆரடா ஹீற்றர் போட்டது?" என்றார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "அண்டைக்கு எனக்கு உப்பிடி ஒண்டு இருந்திருந்தா," என்றார். முடிக்கவில்லை.

இத்தோடு கதை முடிந்தது, குதிரையைப் பனிக்காலம் முழுக்க வெளியே விட வேண்டும் என்று நீங்கள் எழுதிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பேனையைக் கீழே வையுங்கள். அதுவும் பலகையில் எழுதிய திகதி போன்றதுதான்.

பதினைந்து இருபது நாள் மின்னல் வெளியே நின்றான். மைனஸ் ஒன்பதிலும் நின்றான். அண்ணையின் தொலைபேசி தொனி மாறிவிட்டது. "மைனஸ் ஒன்பது தம்பி. சோக்காய் நிப்பான் என்ன?" விஷயம் தெரிந்த ஆளாகிவிட்டார். கல்யாண வீடுகளில் குதிரை மயிரைப் பற்றி விளக்கம் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகு ஒரு காலை. குளிர் முறிந்திருந்தது. ஸ்னோ கரைந்து, வானம் தாழ்ந்து, கிழக்குக் காற்றோடு மழை. தேவி அன்ரி தொப்பி இல்லாமல் வெளியே வந்து, "இண்டைக்கு நல்ல சூடு தம்பி, எல்லாரும் சந்தோசமா நிப்பினம்" என்றார். குகன் அண்ணையும் எடுத்தார்.

"பிளஸ் ரெண்டு! வெளியிலை நிக்கட்டும், நிண்டு விளையாடட்டும்."

நான் மேய்ச்சல் நிலத்துக்குப் போனேன். மின்னலின் மயிர் தோலோடு ஒட்டிக் கிடந்தது. வெள்ளை போய்ச் சாம்பல் நிறம் தெரிந்தது. வாலைக் காற்றுக்குக் காட்டித் தலையைக் கவிழ்த்து நின்றான். விலாவில் கையை வைத்தேன். கொதிக்கப் போகிற பானையின் மூடி போல, விட்டு விட்டு நடுங்கியது. எட்டுப் பேரையும் உள்ளே கொண்டு வந்தேன். யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

"அண்ணை, மின்னலை உள்ளை விட்டிட்டன்."

"உனக்கென்ன விசரே? மைனஸிலை வெளியிலை, பிளஸிலை உள்ளையோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப நான் எதைப் பாத்து முடிவெடுக்கிறது? பல்கனியிலை தொங்குற உந்தச் சாமானை என்ன செய்யிறது?"

"தெரியேல்லை அண்ணை. மழையிலை சரியா நனைஞ்சு போனான். நடுங்குறான்."

 "வாறன்" என்றார். வாகனத் திறப்புக் கோர்வையின் கிலுக்கம் கேட்டது.

வந்தார். வாகனத்துப் பக்கம் நிற்கவில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நேரே கொட்டிலுக்குள் போய்த் துவாய் ஒன்றை எடுத்து மின்னலின் கழுத்திலிருந்து துடைக்கத் தொடங்கினார். மயிரின் திசைக்கு எதிராக, அழுத்தி, பிள்ளையின் தலை துவட்டுவது போல. மின்னலின் முதுகிலிருந்து மெல்ல ஆவி எழும்பியது. அண்ணையின் கண்ணாடி புகார் படிந்து மங்கியது. துவாய் நனைந்து கனத்ததும் நிறுத்தினார். இது காணுமா, இன்னும் வேணுமா என்று கேட்கப் போகிறார் என்று நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. கையை விரித்து மின்னலின் விலாவில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

பிறகு இரண்டாவது துவாயை எடுத்தார்.